மெரோவேயில் அரசிகளின் பிரமிடுகள்

சூடானில் பிரமிடுகள் நிற்கும் மெரோவேக்குப் போக முதலில் தேவைப்பட்டது டீசல். 2020 ஜனவரியில் தலைநகர் கார்ட்டூமின் பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் தெருமுனையைத் தாண்டி வரிசை கட்டி நின்றன. ரொட்டிக் கடைகளிலும் அதே கூட்டம். எங்கள் ஓட்டுநர் முந்தின இரவே வரிசையில் நின்று டேங்கை நிரப்பி, பின்னால் கேன்களிலும் பிடித்து வைத்திருந்தார். பொருளாதாரத் தடைகளால் அப்போது வெளிநாட்டு வங்கி அட்டைகள் சூடானில் எந்த ஏடிஎம்மிலும் வேலை செய்யவில்லை; முழுச் செலவுக்கும் டாலர் நோட்டுகளைக் கையோடு கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்புறம் போலீஸ் பதிவு, பயண அனுமதி, படம் எடுக்க அனுமதி. எல்லாவற்றுக்கும் கட்டுக் கட்டாக நகல் எடுத்துக்கொண்டோம். வழியில் சோதனைச் சாவடிகளில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கார்ட்டூமிலிருந்து வடகிழக்கே சுமார் இருநூறு கிலோமீட்டர். ஷெண்டி என்ற பழைய சந்தை ஊரைத் தாண்டிப் போக வேண்டும். போர்ட் சூடான் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் அதே சாலையில்தான். இடதுபக்கம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நைல், வலதுபக்கம் முள்மரங்களும் கல்தரையும். சாலையோரம் ஓலைப் பந்தலுக்கடியில் கரி அடுப்போடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் இஞ்சி போட்ட காபி தருகிறார்கள். ஜபனா என்கிற சிறு மண்கூஜாவில் வைத்து ஊற்றுவது. காரம் தொண்டையில் நிற்கிறது. அதற்காகவே இன்னொரு கோப்பை கேட்டேன். நான் இந்தியா என்றதும் பக்கத்தில் இருந்த ஒருவர் ஷாருக் கான் பெயரைச் சொன்னார். இன்னொருவர் புனேயில் கல்லூரிப் படிப்பு முடித்தவர். சூடானிலிருந்து எவ்வளவோ பேர் நம் நாட்டுக்குப் படிக்க வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரிந்த அளவுக்கு நமக்கு அவர்களைத் தெரியாது. அந்த எண்ணம் பயணம் முழுக்க என் கூடவே வந்தது.

பின்னொரு நாள் போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சூடானில் மெரோவே என்று இன்னோர் ஊரும் இருக்கிறது, அணை கட்டிய ஊர், வெகுதூரம் தள்ளி. பிரமிடுகளுக்குப் போக வேண்டுமென்றால் 'பஜ்ராவியா' என்று கேளுங்கள்.

நெடுஞ்சாலையிலிருந்தே தெரிந்துவிடுகின்றன. கிழக்கே ஒரு மேட்டின் முதுகில் கூர்கூராக ஒரு வரிசை. வண்டியை விட்டு இறங்கி ஆரஞ்சு நிற மணலில் கால் புதையப் புதைய ஏறினால், வடக்குக் கல்லறைத் தொகுதி முழுக்க முன்னால் விரிகிறது. வாசலில் சில ஒட்டகக்காரர்கள், மரத்தில் செதுக்கிய குட்டிப் பிரமிடுகளை விற்கும் சிறுவர்கள். அன்று எங்களைத் தவிர ஷெண்டியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம் மட்டும்தான். யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் இது.

இன்றைய சூடானில் பழங்காலத்தில் இருந்த குஷ் என்னும் அரசின் மன்னர்கள் முதலில் இன்னும் வடக்கே, நபாட்டா பக்கம் புதைக்கப்பட்டார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அரச கல்லறைகள் மெரோவேக்கு மாறின. மாற்றியவர் அர்கமானி என்கிறார்கள். அவரைப் பற்றி டயோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். நபாட்டாவின் பூசாரிகள் ஒரு மன்னரின் காலம் போதும் என்று முடிவு செய்தால், "தெய்வ வாக்கு, நீ உயிரை விடு" என்று ஆள் அனுப்புவார்களாம். மன்னரும் கேள்வி கேட்காமல் செத்துப்போவாராம். அர்கமானிக்கும் அந்தச் செய்தி வந்தது. அவர் படைவீரர்களோடு கோயிலுக்குள் நுழைந்து பூசாரிகளைக் கொன்றுவிட்டார். கதை எவ்வளவு உண்மையோ, கல்லறைகள் இடம் மாறியது உண்மை. அதற்குப் பிறகு சுமார் அறுநூறு ஆண்டுகள் மெரோவேயின் அரசர்களும் அரசிகளும் இங்கேதான் அடக்கமானார்கள்.

எகிப்தின் கீசாவை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இவை சிறியவை என்று தோன்றும். மிக உயரமானதே முப்பது மீட்டர் அளவுதான். ஆனால் சரிவு கிட்டத்தட்ட எழுபது பாகை. கீசாவில் ஐம்பத்திரண்டை ஒட்டித்தான். கீசாவின் பெரிய பிரமிடு கட்டி முடிந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, எகிப்தில் அரசர்கள் பிரமிடு கட்டுவதையே மறந்துபோன காலத்தில், இவர்கள் தங்களுக்கென்று ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு கட்டினார்கள். இவற்றை எகிப்தின் நகல் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிணம் பிரமிடுக்குள் இல்லை, அதற்கடியில் பாறையில் குடைந்த அறையில். கீழே இறங்கும் படிக்கட்டு கிழக்குப் பக்கம் தொடங்கும். அடக்கம் முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். பிரமிடின் கிழக்கு முகத்தில் ஒட்டினாற்போல் ஒரு சிறு வழிபாட்டுக் கோயில். வெளியே இன்று தெரியும் பழுப்புக் கல்லின் மேல் ஒரு காலத்தில் சுண்ணாம்புப் பூச்சும் வண்ணமும் இருந்தன.

இவ்வளவு செங்குத்தாக எப்படிக் கட்டினார்கள்? இதற்கு விடை தேடியவர் ஃப்ரீட்ரிஷ் ஹிங்கல் என்ற கிழக்கு ஜெர்மானியக் கட்டடக் கலைஞர். 1970-களிலிருந்து பல ஆண்டுகள் இங்கே இடிந்த கோயில்களைக் கல் கல்லாக எடுத்துக் கட்டியவர். ஒரு பிரமிடின் மையத்தில் மரக்கம்பத்தின் எச்சத்தைக் கண்டார். நடுவில் கம்பம் நட்டு, அதன்மேல் ஏற்றம் அமைத்து, ஒருபக்கம் எடை கட்டி மறுபக்கம் கல்லைத் தூக்கியிருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. கட்டடம் உயர உயரக் கம்பமும் உள்ளேயே புதைந்துபோகும். ஏற்றத்தின் கை எட்டும் தூரம் வரைதான் கல்லை வைக்க முடியும், அதனால்தான் அடி குறுகலாகவும் சரிவு செங்குத்தாகவும் அமைந்தன. கிணற்றில் ஏற்றம் இறைத்த தலைமுறையைக் கண்ட எவருக்கும் இது உடனே விளங்கும். ஒரு கோயில் சுவரில் பிரமிடின் பாதி வடிவத்தை மெல்லிய கோடுகளாகக் கீறி வைத்திருந்ததையும் அவர் கண்டுபிடித்தார். கட்டியவர்களின் வரைபடமே அது.

நான் அதிக நேரம் நின்றது அந்தச் சிறு கோயில்களுக்குள்தான். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள். சிங்காசனத்தில் அரசர் அல்லது அரசி, பின்னால் சிறகு விரித்துக் காக்கும் எகிப்தியப் பெண் தெய்வம் ஐசிஸ், எதிரே காணிக்கை கொண்டுவரும் மனிதர்கள் வரிசை வரிசையாக. அரசிகளைச் செதுக்கிய விதம் வேறெங்கும் நான் பார்க்காதது. பருத்த தோள்கள், அகன்ற இடுப்பு, கழுத்து நிறைய மணிமாலைகள், நீண்ட நகங்கள். எகிப்தியச் சிற்பத்தின் ஒல்லியான இளவரசிகள் இல்லை இவர்கள். ஒரு அரசி ஒரு கையில் ஈட்டியோடு, மறுகையால் கட்டுண்ட எதிரிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காற்றில் பறக்கும் மணல் இந்தச் சிற்பங்களை ஓயாமல் அறுத்துக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் முகம் போய்விட்டது, விளிம்பு மட்டும் மிச்சம். பாலைவனம் முன்னேற முன்னேற மணல் அதிகமாகிறது. தொல்லியல் துறையினர் ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கம் வந்து சேர்கிறது.

பெரும்பாலான பிரமிடுகளுக்கு உச்சி இல்லை. அதில் ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1834-இல் ஜுசெப்பே ஃபெர்லினி என்ற இத்தாலியர், எகிப்தியப் படையில் மருத்துவராக இருந்தவர், புதையல் தேடி வந்தார். வடக்குத் தொகுதியின் ஆறாம் எண் பிரமிடை மேலிருந்து இடித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஃப்ரெதெரிக் காயோ என்ற பிரெஞ்சுக்காரர் வந்து இந்தப் பிரமிடுகளை ஓவியமாகத் தீட்டியிருந்தார். அதில் அது கிட்டத்தட்ட முழுசாக நிற்கிறது. இன்று ஒரு கல்மேடு. அது அமனிஷகேதோ என்ற அரசியின் கல்லறை. ஃபெர்லினிக்குக் கிடைத்தவை தங்கக் காப்புகள், முத்திரை மோதிரங்கள், வண்ணக் கண்ணாடி பதித்த தோளணிகள். ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனபோது பலர் நம்ப மறுத்தார்கள். ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் இவ்வளவு நேர்த்தியான வேலையா, போலியாக இருக்கும் என்று சந்தேகம். கடைசியில் ஒரு பகுதியைப் பவேரியாவின் மன்னர் லுட்விக் வாங்கினார், இன்னொரு பகுதி பெர்லினுக்குப் போனது. அந்தக் கல்மேட்டின் முன்னால் நின்றபோது வந்த கோபம் ஊர் திரும்பியும் தணியவில்லை. நகையைத் திருடியதோடு நில்லாமல், செய்தவர்களுக்கு அதைச் செய்யும் திறமை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

பழைய நகரம் சாலைக்கு மறுபக்கம், நைலுக்கு அருகில். பெரும்பாலான பயணிகள் போவதில்லை. அமுன் என்ற எகிப்தியத் தெய்வத்தின் கோயில் இடிபாடுகள், அரண்மனைச் சுவர்கள், கருத்த குன்றுகள். அந்தக் குன்றுகள் இரும்பு உருக்கிய கசடு. வேலமரக் கரியில் தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கிக் கொட்டியது. அதை வெட்டிக்கொண்டு ரயில் பாதையே போகிறது. இங்கேதான் 1910-இல் ஜான் கார்ஸ்டாங் என்பவர் ஒரு கோயிலின் படிக்கட்டுக்கடியில் அகஸ்டஸ் சீசரின் வெண்கலத் தலையைத் தோண்டி எடுத்தார். கி.மு. 25 வாக்கில் எகிப்தின் ரோமானிய எல்லைக்குள் புகுந்த குஷ் படை சிலைகளை உடைத்துக் கொண்டுவந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ரோமப் பேரரசரின் தலையை மிதித்துப் போகும்படி புதைத்து வைத்தார்கள். அந்தப் போரின்போது ஆண்ட ஒற்றைக்கண் அரசியைப் பற்றி ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் எழுதியிருக்கிறார். அவள் அமனிரேனாஸ் என்று கருதுகிறார்கள். ரோம் திரும்ப அடித்தது, நபாட்டாவைச் சூறையாடியது. ஆனாலும் கடைசியில் அவளுடைய தூதர்கள் சாமோஸ் தீவில் அகஸ்டஸைச் சந்தித்து, கப்பம் கட்ட வேண்டாம் என்று பேசி முடித்து வந்தார்கள்.

இந்த அரசிகளுக்குக் கண்டாக்கே என்று பட்டம். 2019-இல் சூடான் அதிபர் உமர் அல் பஷீரின் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நின்ற பெண்களை மக்கள் கண்டாக்கா என்றுதான் அழைத்தார்கள். கார்ட்டூம் சுவர்களில் அவர்களின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு மெரோவேக்கு வந்ததால், இந்தச் சிற்பங்கள் எனக்குப் பழங்காலமாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் நாகா, குஷ் காலத்துக் கோயில்கள் இருக்கும் இன்னோர் இடம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, தடமே இல்லாத தரையில் போக வேண்டும். சிங்கத்தலைத் தெய்வமான அபெதமாக்கின் கோயில் முகப்பில் ஒருபுறம் அரசர் நதகமானி, மறுபுறம் அரசி அமனிதோரே. இருவரும் ஒரே உயரம், இருவர் கையிலும் ஆயுதம். பின்சுவரில் அபெதமாக்குக்கு மூன்று தலை, நான்கு கை. நம் ஊர்க்காரர் யாரானாலும் ஒரு நிமிடம் நரசிம்மரை நினைப்பார். இந்தியத் தொடர்பு என்று எழுதியவர்களும் உண்டு. நின்று பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கிறது. ஒரு பக்கத் தலை அரசரையும் மறுபக்கத் தலை அரசியையும் நோக்குகின்றன. இருவருக்கும் சமமாக முகம் கொடுக்கச் சிற்பி கண்ட வழி அது. கோயிலுக்குப் பக்கத்தில் ஆழமான கிணறு. கழுதைகள் நீளமான கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்க, தோல்பை தண்ணீரோடு மேலே வருகிறது. கயிற்றைப் பிடித்திருந்த பெரியவர் எங்களுக்கும் ஒரு கிண்ணம் நீட்டினார்.

2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தது. காபிக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. குஷ் மன்னர் தாஹர்காவின் கருங்கல் சிலையை அங்கேதான் பார்த்திருந்தேன். இப்போது யாரும் மெரோவேக்குச் சுற்றுலாவாகப் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் ம்யூனிக்குக்கோ பெர்லினுக்கோ போகிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ம்யூனிக்கின் எகிப்தியக் கலை அருங்காட்சியகத்திலும் பெர்லினின் எகிப்திய அருங்காட்சியகத்திலும் அமனிஷகேதோவின் நகைகள் இருக்கின்றன. அகஸ்டஸின் தலை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். எகிப்து என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறாமல், காவலரிடம் மெரோவே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள்.