முள் குத்தியது காலில், நெறி கட்டியது தொடையில்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கிளம்பி வெறுங்காலோடு பழனிக்கு நடக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. உள்ளங்காலில் சீமைக்கருவேல முள் ஏறும், பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்போம், மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு உருண்டு நிற்கும். இந்தத் தடவை எனக்கு. கூட வந்த ஆச்சி பார்த்துவிட்டு, "நெறி கட்டிருக்கு தம்பி, விளக்கெண்ணெய் போட்டு நீவி விடட்டுமா?" என்றார். வேணாம் ஆச்சி, அங்கே வேலை நடக்குது என்றேன்.

முள்ளோடு போன பாக்டீரியாவின் மேலுறையில் நம் செல்களில் இல்லாத சில பொருட்கள் உண்டு. அவற்றைக் கண்டுகொள்ளும் ஏற்பிகள் தோலுக்கடியில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களில் பிறவியிலேயே இருக்கின்றன. அவை குரல் கொடுத்ததும் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஓடிவந்து கிருமிகளை விழுங்கிவிட்டுச் சாகின்றன. சீழ் என்று பிதுக்குகிறோமே, அதில் பெரும்பங்கு இவைதான். டென்ட்ரிடிக் செல்கள் என்ற தூதுவர்களோ கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாகத் தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன; நெறி கட்டுவது அந்தக் கணுதான். (2011 மருத்துவ நோபலில் பாதி இவற்றைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு. பாவம், அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பே இறந்துவிட்டார், கமிட்டிக்கே தெரியாது.) அந்தக் கணுவில் லட்சக்கணக்கில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டைத்தான் அடையாளம் தெரியும். பொருந்துகிற சில அகப்பட்டதும் பெருக ஆரம்பிக்கும், அப்புறம் பி செல்களும் சேர்ந்து, கிருமியில் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடி தயாராகும்; முதல் தடவை பார்க்கிற கிருமி என்றால் ஒரு வாரம்கூட ஆகும். வீக்கம் அதனால்தான், நீவினால் போகாது.

ஆனால் மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் டெட்டனஸ், பழைய ஆட்கள் ரணஜன்னி என்பார்களே, அது வேறு ரகம். அதன் நச்சு ஆளைக் கொல்லப் போதுமான அளவு இருந்தால்கூட நோயெதிர்ப்பை எழுப்பும் அளவுக்கு இருக்காது. அதனால் சின்னம்மை மாதிரி ஒரு தடவை வந்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது; டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும். ஊசியில் இருப்பதும் அதே நச்சுதான், ஃபார்மலினால் விஷத்தை முறித்தது, உருவம் பெரும்பாலும் மாறாததால் உடம்பு ஆற அமர அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கிறது. 10 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி போடச் சொல்வார்கள். எனக்குக் கடைசியாக எப்போது போட்டது என்றே நினைவில்லை, வழியில் இருந்த மருத்துவ முகாமில் கையை நீட்டிவிட்டேன். ராத்திரி முழுக்கத் தோள் வலித்தது, அதுவும் இதே வேலைதான்.