வீடு தேடி வந்த நன்மை

"ஆச்சி, நன்மை கொண்டு வந்திருக்கிறன்."

இன்று திருப்பலி முடிந்ததும், அங்கே அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை, எங்கள் பேச்சில் 'நன்மை'யை, படுக்கையில் இருக்கும் அம்மம்மாவுக்காக எடுத்துக்கொண்டு, எங்கள் பங்கின் நற்கருணைப் பணியாளரான ரீச்சர், வெயிலில் கல்லடிப் பாலத்தைக் கடந்து சைக்கிளில் வந்திருந்தார்.

சிறு மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, மெழுகுதிரி ஏற்றிச் செபித்தபின், அப்பத்தில் நகக்கண் அளவு பிட்டு அம்மம்மாவின் நாவில் வைத்த அவர், அது தொண்டையில் இறங்கும்வரை கரண்டியில் தண்ணீருடன் குனிந்தே நின்றார்.

2021 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி ஆசிரியர் பணியைப் பொதுநிலையினருக்குரிய திருப்பணியாகவே நிறுவினார். அதுபோல, சம்பளமில்லாமல் வீடுவீடாக நற்கருணை கொண்டு செல்லும் இந்த ரீச்சரைப் போன்றோரையும் பீடத்தின் முன் அழைத்து, பெயர் சொல்லி, சபையாக நாம் நன்றி கூற வேண்டும். படுக்கையில் இருப்போரிடம் திருச்சபை இவர்களுடைய கால்களால்தான் நடந்து வருகிறது.

புறப்படும்போது அம்மம்மா அவருடைய கையை விடவில்லை.

"வாற ஞாயிறும் வா, மகள்."