"அம்மா" என்றால் எந்த அம்மா?

சமூக மூலதனம் என்பது பெரிய வார்த்தை. ஆத்திர அவசரத்துக்கு யார் மூலம் என்ன கிடைக்கும் என்பதுதான் அது. பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரிடம் பேட்டி எடுத்து இதை அளப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. பலரும் எடுக்கும் கேள்வி அமெரிக்காவில் 1985இல் பொதுச் சமூக ஆய்வில் கேட்கப்பட்டது: கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யார் யாரிடம் பேசினீர்கள்? ஐந்து பேர் வரை விவரம் வாங்குவார்கள்.

அதையே சென்னையில் ஒரு திருநங்கையிடம் கேட்டால், முதல் பதில் "அம்மா" என்று வரலாம். பெற்றவரா, திருநங்கையர் குடும்பம்போல் அமைத்துக்கொள்ளும் ஜமாத்தில் மகளாக ஏற்றுக்கொண்டவரா? கேட்காமல் 'குடும்பம்' என்று டிக் அடித்தால், வீட்டைவிட்டு விரட்டப்பட்டவருக்கும் பிறந்த வீட்டு ஆதரவு இருப்பதாகக் கணக்கு காட்டும். அக்கா, மகள், பாட்டி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல். உறவுமுறைக்குப் பக்கத்தில் 'பிறந்த வீடு, ஜமாத், வேறு' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

பேர்களை ஐந்தோடு நிறுத்துங்கள். யாருக்கு யாரைத் தெரியும் என்று ஜோடி ஜோடியாகக் கேட்க வேண்டும். ஐந்து பேருக்கு 10 ஜோடி, பத்துப் பேருக்கு 45. இருபதாவது ஜோடியிலேயே சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் "தெரியும்" என்றுவிடுவார்கள்.

உள்வட்டமா வெளிவட்டமா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு: வெளியாட்களிலிருந்து உள்ளாட்களைக் கழித்து, மொத்தத்தால் வகுப்பது. நான்கு பேர் சமூகத்துக்குள், ஒருவர் வெளியே என்றால் −0.6. இதை வைத்து "வெளித்தொடர்பு குறைவு" என்று முடிவுகட்டுவது அவசரம். அந்த ஒருவர் வீட்டு உரிமையாளரா, டீக்கடைக்காரரா என்பது இந்த எண்ணில் தெரியாது.

ஆகவே உதவியை நேராகக் கேட்பது மேல். ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட வர, 5,000 ரூபாய் கைமாற்று தர, வாடகை வீட்டுக்குச் சொல்லிவிட, காவல் நிலையத்தில் வந்து நிற்க, அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு உதவ ஆள் உண்டா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு துணைக்கேள்வி: உங்கள் பாலினமோ ஈர்ப்போ அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால், தெரிந்த பிறகும் செய்வாரா? ஆபீசில் மறைத்து வாழும் ஒரு கே ஆணுக்கு, முதல் கேள்வியில் வெளித்தொடர்பு ஏராளமாக இருக்கும். கடைசிக் கேள்வியில் பாதி உதிர்ந்துவிடும். என் கணக்கில் மிச்சம் நிற்பதுதான் மூலதனம்.

ஆள் சேர்ப்பு தனித் தலைவலி. பேட்டி தந்தவருக்கு ஆளுக்கு மூன்று கூப்பன் கொடுத்துத் தெரிந்தவர்களை அனுப்பச் சொல்லும் முறையை அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெக்கதார்ன் 1997இல் வகுத்தார். ஜமாத்தில் குரு கூப்பன் வாங்கினால் மூன்றும் அவருடைய சீடர்களான சேலாக்களுக்கே போகலாம். சேலாவால் மறுக்கவும் முடியாது. தொடக்க ஆட்களில் ஜமாத்தில் சேராதவர், திருநம்பி, தன்பாலீர்ப்புப் பெண் கண்டிப்பாக இருக்கட்டும். வட்டம் பெரிதாக உள்ளவர் எளிதில் சிக்குவார் என்பதால், அவர் பதிலுக்கு எடை குறைவு: 40 பேரைத் தெரிந்தவருக்கு நாற்பதில் ஒரு பங்கு. "ஒருத்தரையும் தெரியாது" என்று பதில் வந்தால் இந்த வகுத்தல் உடைந்துபோகும். கூப்பன் கொடுத்த ஆளையாவது தெரிந்திருக்குமே, திரும்பக் கேளுங்கள். ஆப்பில் மட்டும் பழக்கம், நிஜப்பேர் தெரியாது என்பவர்களை இதோடு கலக்காமல் தனியே எண்ணுங்கள்.

தாளில் வரும் ஐந்து பேரும் நமக்கு ஒப்புதல் தந்தவர்கள் அல்லர். பட்டப்பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லி, படிவத்தில் 1 முதல் 5 வரை எண் மட்டும் போடுங்கள். பேட்டி முடிந்ததும் சீட்டை அவர் கையாலேயே கிழிக்கட்டும்.