ஹனோவர் சோஃபியா வீட்டு வம்சாவளி: சார்ட் தாளில் வரைந்து பார்த்தது

ஐரோப்பிய அரச குடும்பங்களின் வம்சாவளியைப் பெரிய சார்ட் தாளில் கையால் வரைவது என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது ஜெர்மனியிலுள்ள ஹனோவரின் சோஃபியா. 1630-ல் தி ஹேக் நகரில் பிறந்து, 1714-ல் ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் உயிர்விட்டவர். வழக்கமாக இவரை வரைபவர்கள் மேலே தாத்தா முதலாம் ஜேம்ஸ், கீழே மகன் முதலாம் ஜார்ஜ், இடையில் இவர் என்று இங்கிலாந்து அரியணைக்கு ஒரு கோடு போட்டு முடித்துவிடுவார்கள். ஆறு ஆண், ஒரு பெண் என்று வளர்த்து ஆளாக்கியவரின் குடும்பம் அந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது? அதனால் சோஃபியாவைத் தாளின் நடுவில் வைத்து, பிள்ளைகள் ஏழு பேருக்கும் ஒரே அளவுக் கட்டம் போட்டேன்.

மேல் பாதி சுலபமாக முடிந்தது. அப்பா ஃபிரடெரிக், பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அரியணையில் ஒரு குளிர்காலம் மட்டும் இருந்து 1620-ல் தோற்று நாடிழந்தவர். அம்மா எலிசபெத் ஸ்டூவர்ட். 13 பிள்ளைகளில் சோஃபியா 12-வது. உடன்பிறந்தவர்களில் ஹைடல்பெர்கில் இவரை வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணன் கார்ல் லுட்விக், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த்துடன் கடிதம் எழுதி வாதாடிய அக்கா எலிசபெத், இந்த இருவருக்கு மட்டும் பெயர் எழுதிக் கட்டம். மற்றவர்களுக்குச் சிறு புள்ளி.

கல்யாணக் கோட்டில்தான் பென்சிலும் ரப்பரும் அதிகம் வேலை செய்தன. சோஃபியாவுக்கு முதலில் நிச்சயமானவர் ஜெர்மன் பிரபு கியோர்க் வில்ஹெல்ம். அவர் பின்வாங்கி, தம்பி எர்ன்ஸ்ட் ஆகுஸ்டைக் கைகாட்டினார். ஈடாக, தான் கல்யாணமே செய்துகொள்வதில்லை, சொத்து தம்பி வாரிசுகளுக்கே என்று எழுதியும் கொடுத்தார். 1658-ல் சோஃபியா தம்பியைக் கைப்பிடித்தார். ஆனால் அண்ணன் பிறகு எலியனோர் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்து, சோஃபியா டோரதியா என்ற மகளையும் பெற்றுவிட்டார். சொத்து கைவிட்டுப் போகாமல் இருக்க 1682-ல் அந்தப் பெண்ணையே சோஃபியாவின் மூத்த மகன் ஜார்ஜுக்குக் கட்டிவைத்தார்கள். பெரியப்பா மகள், நம் கணக்கில் தங்கை முறை. 1694-ல் மணமுறிவு; அதன்பின் 1726-ல் சாகும்வரை சோஃபியா டோரதியா ஆல்டன் மாளிகையில் காவலில்தான் இருந்தார். முறிந்த நிச்சயத்துக்குப் புள்ளிக்கோடு, கல்யாணத்துக்கு இரட்டைக்கோடு என்று பிரித்தபின்தான் இந்தச் சுற்று கண்ணுக்குப் புரிந்தது.

கீழ் வரிசைக்கு வந்ததும் வேகம் குறைந்துவிட்டது. கணவரின் வம்சத்தில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். எர்ன்ஸ்ட் ஆகுஸ்டுக்கோ எலெக்டர் ஆகவேண்டும், அதாவது புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் இளவரசர்களில் ஒருவராக வேண்டும். நாடு துண்டுபட்டால் அது நடக்காது. எனவே எல்லாம் மூத்தவனுக்கே என்று விதி செய்து 1683-ல் பேரரசரின் ஒப்புதலும் வாங்கினார். இளையவர்களுக்காகத் தாய் பரிந்து நின்றார்; பலிக்கவில்லை. பேரரசரின் படையில் சேர்ந்த மகன்களில் கார்ல் ஃபிலிப் பிரிஷ்டினாவிலும், ஃபிரெட்ரிக் ஆகுஸ்ட் டிரான்சில்வேனியாவிலும் துருக்கியரோடு நடந்த போரில் மாண்டார்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு. கார்ல் ஃபிலிப்புக்கு வயது 20. அடுத்து உரிமை கேட்ட மாக்ஸிமிலியன் 1691-ல் சதிக் குற்றத்தில் கைதானார். அவருக்குத் துணைநின்ற மோல்ட்கே என்ற அதிகாரியின் தலை 1692-ல் போனது. அதே ஆண்டில்தான் எலெக்டர் பட்டமும் வந்தது. 1703-ல் கிறிஸ்டியன் ஹைன்ரிக் டான்யூப் ஆற்றில் மூழ்கினார். 1705-ல் ஒரே மகள், பிரஷ்யாவின் அரசி சோஃபி ஷார்லட், தாய்வீட்டுக்கு வந்த இடத்தில் 36 வயதில் காலமானார்.

தாய் உயிரோடு இருக்கும்போதே போன இந்த நான்கு பேர் கட்டத்திலும் இறந்த ஊரைச் சிவப்பு மையில் எழுதினேன். ‘வாரிசு’ என்று ஜார்ஜை மட்டும் காட்டும் படங்களில் இந்தச் சிவப்பு இருக்காது. அந்த எலெக்டர் பட்டத்துக்கு இந்த வீடு கொடுத்த விலையைச் சொல்லாத வம்சாவளி எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

தேதிகளுக்கு ஒரு குறிப்பு. ஜெர்மன் புரொட்டஸ்டண்ட் நாடுகள் 1700-ல் புதிய (கிரெகோரியன்) நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்து 1752 வரை பழையதிலேயே இருந்தது. 1701-ன் இங்கிலாந்துச் சட்டப்படி அரசி ஆனுக்குப் பிறகு அரியணை சோஃபியாவுக்கு. சோஃபியா இறந்தது 1714 ஜூன் 8, புதிய கணக்கில். ஆன் இறந்ததாகச் சொல்லும் ஆகஸ்ட் 1 பழைய கணக்கு. புதியதில் ஆகஸ்ட் 12. கலந்து கணக்குப் போட்டால் இடைவெளி இரண்டு மாதத்துக்கும் குறைவு. சரியாகப் போட்டால் இரண்டு மாதமும் 4 நாளும். தாள் முழுக்கப் புதிய நாட்காட்டியையே வைத்திருக்கிறேன்.

ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது; அதைத் தத்துவ அறிஞர் லைப்னிஸுக்குக் கொடுத்தேன். உறவினர் இல்லைதான், ஆனால் இந்த வீட்டு வம்சாவளியை ஆவணம் ஆவணமாகத் தேடி எழுதப் பணிக்கப்பட்டவர் அவரே. சோஃபியாவின் நெருங்கிய நண்பரும்கூட. அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு இலைகள் உலகில் கிடையாது என்று அவர் சொல்ல, உடனிருந்த ஒரு பிரபு நம்பவில்லை. “தேடித்தான் பாருங்களேன்” என்று சோஃபியா அவரை ஏவிவிட்டார். ஹெரன்ஹவுசன் தோட்டம் முழுக்க ஓடி ஓடிப் பார்த்தும் அவருக்கு அப்படி ஒரு ஜோடி கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தைச் சுற்றி இரண்டு இலை வரைந்தேன், நரம்புகளை மாற்றி மாற்றி.

இன்னும் பேரப்பிள்ளைகள் வரிசை பாக்கி. மகள் வழிப் பேரன் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் 1706-ல் மாமன் மகளையே, அதாவது ஜார்ஜின் மகளையே, கட்டினார். அவர்களுக்குப் பிறந்த பிரஷ்ய மன்னர் மகா ஃபிரெட்ரிக்குக்கு சோஃபியாவிடமிருந்து இரண்டு கோடு இறங்கவேண்டும். அண்ணன் மகள் லீசலோட்டே பிரான்ஸிலிருந்து அத்தைக்கு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதியவர். அவருக்கும் ஒரு கிளை வேண்டும். அடியில் இன்னொரு தாளை ஒட்டிவிட்டு, அடுத்து பெர்லின் பக்கத்திலிருந்து தொடங்கப் போகிறேன்.