அப்பாவின் வீரா: பழைய வண்டியின் மேனியை மீட்ட நாட்குறிப்பு

7 ஜூன் 2025, சனிக்கிழமை

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே, அங்சானா மரத்தடியில் மூன்றாண்டுகளாக நகராமல் நின்ற அப்பாவின் புரோட்டோன் வீரா காரை, பக்கத்து வீட்டுச் சீன அங்கிளும் நானுமாகத் தள்ளிக்கொண்டு வந்து வாசல் கூரைக்கு அடியில் நிறுத்தினோம். 1998இல் வாங்கிய கரும்பச்சை வண்டி அது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு அப்பா ஓய்வுபெறும் வரை இதில்தான் போய்வந்தார். பக்கவாதத்தில் அவருடைய வலக்கை சோர்ந்ததிலிருந்து வண்டியும் ஓய்ந்துவிட்டது. இயந்திரத்தைப் போமன் (மெக்கானிக்) பார்த்துக்கொள்கிறார். மேனியை நான் எடுத்துக்கொண்டேன்.

இரவு எட்டு மணிக்கு டார்ச் விளக்கைப் போனட்டின் மேல் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப் போல ஆயிரக்கணக்கான வட்டக் கீறல்கள். உண்மையில் அவை வட்டங்கள் அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் நுண்ணிய கீறல்களில், ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் கண்ணுக்குத் தெரிவதால் அவை வட்டமாகச் சேர்ந்து தோன்றுகின்றன. விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்கிறது.

இந்தக் கீறல்கள் வண்டி மரத்தடியில் கிடந்த மூன்றாண்டுகளில் விழுந்தவை அல்ல. அப்பா தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கோழி இறகுத் துடைப்பத்தால் தூசியைத் தட்டி, பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைப்பார். ஈரம் இல்லாமல் துடைக்கும்போது தூசியிலுள்ள மணல் துகள் துணியோடு சேர்ந்து இழுபட்டுக்கொண்டே போகும். இருபதாண்டு அக்கறை இப்படிப் பதிந்திருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8 ஜூன், ஞாயிறு

கழுவுவதற்கே அரை நாள் ஆயிற்று. முதலில் கையே வைக்காமல் தண்ணீரைப் பீய்ச்சி, நுரையைப் பூசி, அழுக்கு தானாக இளகி வடியும் வரை விட்டுவைத்தேன். அதன் பிறகுதான் இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் எடுத்த மணலையே திரும்பப் பூசியவர்களாவோம். மேலிருந்து கீழாகக் கழுவினேன், ஏனென்றால் கதவுகளின் அடிப்பகுதியில்தான் சாலை மணல் அதிகம்.

பிறகு இரும்புத் துகள் நீக்கியைத் தெளித்தேன். இரண்டு நிமிடத்தில் பின்பக்கக் கதவிலும் சக்கரங்களிலும் ஊதா நிறம் கசிந்து ஒழுகத் தொடங்கியது. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புப் பொடி பூச்சுக்குள் பதிந்து துருவேறியிருக்கும். மருந்திலுள்ள தயோகிளைகோலேட் அந்த இரும்போடு சேர்ந்தே இந்த நிறத்தைத் தருகிறது. அம்மா பதறி வந்து, "என்னம்மா, சாயம் போகுதா?" என்று கேட்டார். போவது அழுக்குதான் என்று சொல்லி, மெல்லிய நெகிழிப் பையை அவர் கையில் மாட்டி, போனட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளிருந்து தடவினால் உப்புத்தாளைப் போல உறுத்தும். அந்த உறுத்தலைப் போக்க, சோப்புநீர் தெளித்தபடி, வண்டி மேனிக்கென்றே விற்கும் களிமண் கட்டியை அழுத்தாமல் ஓட்டினேன். வெள்ளையாக இருந்த கட்டி போனட் முடிவதற்குள் பழுப்பாகிவிட்டது. நடுவில் ஒரு துண்டு கை நழுவித் தரையில் விழுந்தது. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று தயங்கினாலும், தரை மணல் ஏறிய களிமண்ணை வண்டியின் மேல் வைக்கக் கூடாது என்பதால் குப்பையில் போட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

இன்று அளவெடுப்பு மட்டுமே. நண்பரிடம் இரவல் வாங்கிய பூச்சுத் தடிமன்மானியை ஒவ்வொரு பகுதியாக வைத்துப் பார்த்தேன். போனட்டில் 105 முதல் 112 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இடப்பக்க முன்கதவில் 240. அது எப்போதோ மறுபடி சாயமடித்த கதவு. வண்டியின் கூரையில் 84, ஓரங்களில் அதைவிடக் குறைவு. இந்த எண்கள் அடிப்பூச்சு, நிறம், மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுபவை. நாம் தேய்க்கக்கூடியது கிளியர் கோட்டை மட்டும்தான். அது பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருப்பதால், முழுவதையும் தேய்த்துத் தீர்த்துவிட முடியாது. கீறலை மறைய வைப்பது என்றால் கீறலின் அடிமட்டம் வரை சுற்றுப்புறத்தைத் தாழ்த்துவது என்றே பொருள். எடுத்தது திரும்ப வராது. கூரைக்கு மிக மென்மையான முறையைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று இன்றே எழுதிவைக்கிறேன்.

21 ஜூன், சனிக்கிழமை

காலை ஆறரைக்கே தொடங்கினேன். பத்தரைக்கு மேல் தகடு சூடேறிவிடுவதால், கீறலைத் தேய்த்தெடுக்கும் பசையான காம்பவுண்ட் நொடியில் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. ரப்பர் விளிம்புகளுக்கும் கறுப்பு நெகிழி ஓரங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பிறகு போனட்டில் இரண்டடிச் சதுரத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கி, பாலிஷ் எந்திரத்தில் மென்மையான பஞ்சுப் பேடை மாட்டி, நுண்ணிய பாலிஷோடு ஓட்டிப் பார்த்தேன். பாதிக் கீறல்கள்கூடப் போகவில்லை. அடுத்து, சற்றுக் கடினமான பேடும் இடைத்தரக் காம்பவுண்டும். ஒரு கோடு முந்தைய கோட்டைப் பாதி மூடும்படி, நெடுக்காக ஒரு முறையும் குறுக்காக ஒரு முறையும் மெதுவாக ஓட்டினேன். துடைத்ததும் பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பளபளப்பை நம்பக் கூடாது. பாலிஷிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்த பிறகு தெரிவதே உண்மை. துடைத்தேன். பத்தில் எட்டுப் பங்கு போயிருந்தது. மானி இரண்டு மைக்ரான் குறைவாகக் காட்டியது.

எட்டாண்டுகளுக்கு முன் அப்பா ஒரு கடையில் 180 ரிங்கிட் கொடுத்துப் பாலிஷ் போட்டார். அன்று மாலை கண்ணாடிபோல மின்னியது. நான்காவது மழையில் கீறல்கள் எல்லாம் திரும்பிவிட்டன. வேக எந்திரத்தின் அலைத்தடங்கள் வேறு புதிதாகச் சேர்ந்திருந்தன. அவர்கள் கீறலை எடுக்கவே இல்லை, எண்ணெயால் மூடித்தான் அனுப்பினார்கள். அப்பாவிடம் அப்படிப் பணம் வாங்கியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

22 ஜூன், ஞாயிறு

போனட்டின் மீதி, வலப்பக்கக் கதவுகள் இரண்டு. சொல்ல வேறொன்றும் இல்லை. தோள் வலிக்கிறது.

27 ஜூன், வெள்ளிக்கிழமை

அவால் முஹர்ரம், அதாவது இஸ்லாமியப் புத்தாண்டு விடுமுறை. பின்பக்கம், பூட் (டிக்கி), இடப்பக்கம் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகக் கூரைக்கு வந்தேன். மென்மையான பேடுதான், நுண்ணிய பாலிஷ்தான். ஆனாலும் ஓட்டுநர் பக்கத்து ஓரத்தில் இரண்டாவது முறை ஓட்டும்போது, வெள்ளையாக இருக்க வேண்டிய பேடின் விளிம்பில் இளம்பச்சைக் கறை தெரிந்தது. எந்திரத்தை உடனே நிறுத்தினேன். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடில் நிறம் ஏறினால், அந்த இடத்தில் கிளியர் கோட் தீர்ந்து நிறப்பூச்சையே தொட்டுவிட்டோம் என்று பொருள். விரல் நகத்தளவு இடம்தான். அளவைப் பார்த்து எழுதிவைத்திருந்தும், டேப்பை ஓரத்தில் இன்னும் அரை அங்குலம் உள்ளே ஒட்டாதது என் தவறு. கூரையில் மைனாக்களின் எச்சம் அரித்த நான்கு தடங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை இனித் தொடப்போவதில்லை.

5 ஜூலை, சனிக்கிழமை

கூரையைத் தவிர மற்ற இடங்களில் கடைசிச் சுற்றுப் பாலிஷ். காம்பவுண்ட் விட்டுப்போன மெல்லிய மங்கல் நீங்கிய பிறகுதான் கரும்பச்சைக்கு ஆழம் வந்தது. உலோகப் பொடி தனித்தனியாக மின்னுவதை இருபதாண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறேன். இடப்பக்கப் பின்கதவில் சாவி இழுத்த நீண்ட கீறல் ஒன்று மட்டும் நகத்தில் தட்டுகிறது. நகத்தில் தட்டும் கீறலைப் பாலிஷால் முழுதாக எடுக்கப் போனால் கிளியர் கோட் மிஞ்சாது. முனைகளை மழுக்கி, கண்ணை உறுத்தாத அளவுக்கு மங்கச்செய்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

7 ஜூலை, திங்கட்கிழமை

ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகர நாள். பினாங்குக்கு மட்டும் கிடைக்கும் விடுமுறை. பாதுகாப்புப் பூச்சாக எதைப் போடுவது என்று இரண்டு வாரம் யோசித்தேன். செராமிக் பூச்சு ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்பது உண்மை. பிரேசில் பனையிலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகோ இந்த வெயிலில் இரண்டு மாதம் நின்றாலே அதிகம். இருந்தும் மெழுகைத்தான் வாங்கினேன். அதைப் போட எந்திரமும் வேண்டாம், இரண்டு கைகளும் வேண்டாம்.

அப்பாவை நாற்காலியில் வைத்து முன்கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கதவில் தெரிந்த தம் முகத்தை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "கோழி இறகு எங்கம்மா?" என்று கேட்டார். இனி அது வேண்டாம், தூசியைத் தண்ணீரால் மட்டுமே எடுக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டபோது சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் பதில் பேசவில்லை. மெழுகு தொட்ட பஞ்சை இடக்கையில் வாங்கி, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார். அழுத்தவே வேண்டாம்ப்பா, மெல்லியதாகப் படர்ந்தால் போதும் என்றேன். ஒரு கதவை முடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. மெழுகு காயும் வரை காத்திருந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, நாற்காலியைப் பின்கதவுப் பக்கம் நகர்த்தச் சொன்னார்.