மினி டிராக்டருக்கு ஆர்பிஎம் மீட்டர்

செப்டம்பர் 4

எங்கள் மினி டிராக்டரின் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் உண்டு, சார்ஜ் விளக்கு உண்டு. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) ஓடுகிறது என்று காட்ட மட்டும் ஒன்றும் இல்லை. தென்னைக்கு நடுவே ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டுபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். இன்ஜின் 2,400-இல் ஓடினால், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான பிடிஓ 540 சுற்று ஓடும் என்று வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிறது. ரோட்டவேட்டரும் அந்த 540-க்காகச் செய்ததுதான். இன்ஜின் 2,000-க்கு இறங்கினால் பிடிஓ 450 ஆகிவிடும், கத்தியின் வீச்சு குறையும், கட்டி உடையாது. மண் அரைபடும் சத்தத்தில் இருநூறு முந்நூறு சுற்று இறங்குவது காதுக்கு எளிதில் பிடிபடாது. மழைக்கு முன் மீட்டர் மாட்டிவிட வேண்டும்.

செப்டம்பர் 7

பொள்ளாச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெரும்பாலும் பைக்குக்குப் போடும் மீட்டர்தான். அவை இக்னிஷன் காயிலிலிருந்து சிக்னல் எடுப்பவை. டீசல் இன்ஜினில் அந்தக் காயிலும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. இதற்கு இரண்டு வழி. இன்ஜின் முன்னால் அதோடு சேர்ந்து சுழலும் கிராங்க் புல்லியில் காந்தம் ஒட்டி எதிரே சென்சார் வைக்கலாம், அல்லது பெல்ட்டில் ஓடி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்கலாம். தோப்பில் மட்டையும் சேறும் முன்பக்கம் வந்து அடிக்கும், சென்சார் நிலைக்காது. ஆல்டர்னேட்டர்தான் சரி. பின்னால் திருகு வைத்துச் சரிசெய்யும் டீசல் மீட்டர் ஒன்று கடைசியில் கிடைத்தது.

செப்டம்பர் 11

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். "மீட்டர் இல்லாமயே இத்தன வருசம் ஓட்டிட்டீங்க, இப்ப எதுக்குங்ண்ணா?" என்றார். காரணத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார்.

எங்கள் ஆல்டர்னேட்டரில் மீட்டருக்குச் சிக்னல் தரும் டபிள்யூ முனை வெளியே இல்லை. அதனால் பின்மூடியைத் திறந்து, டயோடுக்குப் போகும் மூன்று சுருள் முனைகளில் ஒன்றில் வயர் பற்றவைத்தார். டயோடுக்கு முன்னால் எடுத்தால்தான் துடிப்பு கிடைக்கும், தாண்டிவிட்டால் வெறும் டிசி. வயரைச் சைலன்சர் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுவந்து, சாவிக்குப் பின் வரும் லைனில் ஃபியூஸ் போட்டு, மீட்டருக்கு அடியில் ரப்பர் புஷ் வைத்தோம். மினி டிராக்டரின் அதிர்வுக்கு ரப்பர் இல்லாமல் எந்த மீட்டரும் தாங்காது.

செப்டம்பர் 12

ஆல்டர்னேட்டரில் 12 துருவம், ஒரு ஜோடிக்கு ஒரு துடிப்பு, ஆகவே ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு. கிராங்கின் பெரிய புல்லி 120 மி.மீ., ஆல்டர்னேட்டரின் சின்னது 60. கணக்குப்படி இன்ஜின் ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு வர வேண்டும். ஆனால் பெல்ட் புல்லியின் விளிம்பில் ஓடுவதில்லை, பள்ளத்துக்குள் உட்கார்ந்து ஓடுகிறது. அதனால் விகிதம் இரண்டைவிடக் கூடும், 12 துடிப்பு என்று வைத்தால் மீட்டரும் கூடுதலாகக் காட்டும்.

சரிபார்க்க இருக்கவே இருக்கிறது, ஷெட்டில் உள்ள பழைய சோக் டியூப்லைட். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நொடிக்கு 100 முறை மினுக்கும். கிராங்க் புல்லியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரே ஒரு கோடு போட்டேன். இருட்டியதும், புகை போகக் கதவைத் திறந்துவைத்து, தோளில் கிடந்த துண்டைக் கழற்றிவைத்துவிட்டு, புல்லியிலிருந்து தள்ளி நின்று பார்த்தேன். ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றினால் ஓரிடத்தில் நான்கு கோடுகள் அசையாமல் நிற்கும். சுற்றுக்கு நான்கு மினுக்கு, ஒவ்வொன்றிலும் கோடு அதே நான்கு இடங்களில் தெரிகிறது. அதுதான் 1,500. மூன்று நின்றால் 2,000, ஐந்து நின்றால் 2,400 (இரண்டு சுற்றுக்கு ஐந்து மினுக்கு). ஐந்து கோடு 1,200-இலும் நிற்கும், ஆனால் அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. காசு கொடுத்து வாங்கும் கருவியே வேண்டாம்.

நான்கு கோடு நின்றபோது மீட்டர் 1,600-ஐத் தாண்டியிருந்தது. திருகைத் திருப்பி 1,500-க்குக் கொண்டுவந்தோம். அப்புறம் மூன்று கோட்டிலும் ஐந்து கோட்டிலும் முள் ஒத்துப்போனது.

செப்டம்பர் 20

நல்ல ஈரம். கை ஆக்சிலேட்டரை 2,400-இல் வைத்து, லோ இரண்டாம் கியரில் ரோட்டவேட்டரை இறக்கினேன். முள் 2,100-க்குச் சரிந்து அங்கேயே நின்றது. பிடிஓ 470 சொச்சம். கொஞ்சம் இறங்கினால், இன்ஜின் வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர் டீசலைக் கூட்டிச் சமாளிக்கும். இவ்வளவு இறங்கி மீளவில்லை என்றால் இன்ஜின் திணறுகிறது என்று பொருள். முதல் கியருக்கு மாற்றியதும் 2,300-க்கு மேல் நின்றது, மண்ணும் பொடியாக விழுந்தது. மீட்டரின் பயனே இந்தச் சரிவைப் பார்ப்பதில்தான். சும்மா நிற்கும் வண்டியில் எத்தனை காட்டினாலும் உழவுக்கு உதவாது.

அக்டோபர் 6

இன்ஜின் சத்தம் மாறவில்லை, முள் மட்டும் துள்ளித் துள்ளி இறங்கியது. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ஆல்டர்னேட்டரைத் தள்ளி முறுக்கியதும் சரியானது. அந்த பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது, ஆகவே இன்ஜின் சூடேறும் முன்பே சேதி வந்துவிட்டது. வண்டியை மற்றவர்களும் ஓட்டுவதால் மீட்டர் கண்ணாடியில் 2,400-க்கு நேரே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.