நட்சத்திரத்தை நிற்க வைக்கிற வேலை

வாணியம்பாடியில் பஸ் மாறி, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வானாய்வகம். நான் சேர்ந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம், இப்போது திருப்பத்தூர். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நான் தொழில் பழகியது 1972-இல் வந்த ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கியில்.

வேலை இதுதான்: ஒரு நட்சத்திரத்தை நிற்க வைப்பது. பூமி சுற்றுவதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் விகலை. நட்சத்திர ஒளி உள்ளே போகும் கீறலின் அகலமோ இரண்டு மூன்று விகலைதான். பூமிக்கு எதிர்த் திசையில் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் நின்றால், கண் இமைப்பதற்குள் ஆள் போய்விடுவார். மோட்டார் ஓடினாலும் மெல்ல மெல்ல நழுவத்தான் செய்யும். ஆகவே மங்கி குல்லாவும் மப்ளருமாக ஐபீஸில் ஒரு கண், கையில் பட்டன் பெட்டி. வடக்கே ஒரு தட்டு, கிழக்கே ஒரு தட்டு. இப்படியே ஒரு மணி நேரம். தூங்கினால் போச்சு.

நான் வேலூர்க்காரன். கோட்டைக்குள் 1846-இல் கட்டிய புனித யோவான் ஆலயத்துக்கு அம்மா கையைப் பிடித்துப் போய் வளர்ந்தவன். வேலையில் சேர்ந்த புதிதில், கிறிஸ்துமஸ் நேரத்தில் ஒரு சபையில் பிள்ளைகளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். இயேசு பிறந்தபோது கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்கு வழி காட்டியதாக மத்தேயு நற்செய்தி சொல்லும் பெத்லகேம் நட்சத்திரத்தை அறிவியல்படி விளக்கணும் என்று கேட்டுக்கொண்டார் ஆயர். தமிழ் வேதாகமத்தில் அந்த ஞானிகளுக்கு 'சாஸ்திரிகள்' என்று பெயர். வீட்டில் எனக்கும் அன்றிலிருந்து அதே பட்டம்.

உற்சாகமாகப் பேசினேன். 1603-இல் வியாழனும் சனியும் நெருங்கியதைப் பார்த்த வானியலாளர் கெப்ளர், கணக்கைப் பின்னோக்கிப் போட்டு, கி.மு. 7-இலும் அவை மீன ராசியில் கூடின என்று கண்டதைச் சொன்னேன். அந்த ஒரே வருஷத்தில் மூன்று தடவை. கைத்தட்டல். அப்புறம் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பத்து வயது இருக்கும். "அண்ணா, அது பிள்ளை இருந்த இடத்துக்கு மேல வந்து நின்னுச்சுன்னு இருக்கே. எப்படி நின்னுச்சு?"

ஏதோ மழுப்பினேன். கோள்கள் திசை மாறும்போது நிற்பதுபோலத் தோன்றும் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், நம்பவில்லை. நம்பாதது சரிதான். அப்படி 'நிற்பது' மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிடும்போதுதான். அன்றிரவும் அது கிழக்கில் உதித்து மேற்கில் மறையும். எந்த வீட்டுக் கூரை மேலும் நிற்காது. அது மட்டுமா, கி.மு. 7-இல் அந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு பாகை இருந்தது, அதாவது இரண்டு முழுநிலா அகலம். அதை யாரும் ஒரே நட்சத்திரம் என்று சொல்லமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தேதான் நான் பேசினேன். விசுவாசத்துக்கு முட்டுக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஜனவரியில் ஒரு பின்னிரவு, ஐபீஸிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது நட்சத்திரம் கீறலை விட்டு நழுவியிருந்தது. கிடைத்த ஸ்பெக்ட்ரத்தில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவில், ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் வீண். குளிரில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண்ணின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. நட்சத்திரம் தானாக நிற்காது என்பதை என்னைவிட யார் அறிவார்? மத்தேயு சொல்வது எங்கள் பட்டியலில் எண் போட்டு வைத்திருக்கும் பொருளை அல்ல என்று நினைக்கிறேன். அதை வியாழன் சனிக்குள் திணித்தால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும்.

இந்த விஷயத்தில் எனக்குத் துணை பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத் தோற்றக் கோட்பாடு படைப்பை உறுதிசெய்வதுபோலப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்றவர் அவர். அங்கி போட்டவரே அப்படிச் சொன்னபிறகு நான் எதற்கு அலட்டிக்கொள்ள?

உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்று வாதாடுகிறவர்களோடு நான் மல்லுக்கட்டுவதில்லை. பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவிலிருந்து வரும் ஒளிக்கே வயது 25 லட்சம் வருஷம் என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி கேட்பேன்.

2020 டிசம்பர் 21-இல் வியாழனும் சனியும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு நெருங்கின. போன் ஓயவில்லை. "அதானே சார் பெத்லகேம் ஸ்டார்?" இல்லை என்றேன், மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன். அம்மாவும் பார்த்தாள். "ரெண்டும் தனித்தனியாத்தான் தெரியுது சாஸ்திரி" என்றாள்.

இப்போது பிள்ளைகள் கூப்பிட்டால் பேச்சைச் சுருக்கிவிட்டு வெளியே கூட்டிப்போகிறேன். டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அறுமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். யோபு புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது என்றால் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த ஒளி கிளம்பி ஏறத்தாழ 440 வருஷம், வேலூர்க் கோட்டை புதிதாக நின்ற நூற்றாண்டு. போன தடவை ஒரு பையன் ஆறு என்று எண்ணினான். பக்கத்தில் இருந்தவள் ஏழு என்றாள். சண்டை. என்னிடம் தீர்ப்பு கேட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கு ஐந்துதான் தெரிந்தது.